பழைய ஃபயர்வயர் ஆடியோ இன்டர்ஃபேஸைப் புதிய கணினியுடன் இணைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மைக் ஒலியைக் கணினிக்குள் பதிவுசெய்ய உதவும் எட்டு உள்ளீட்டு ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று உங்களிடம் இருக்கிறது; ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்பால் கணினியுடன் சேர்வது. அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் புதிதாக வாங்கிய கணினியில் அதைச் செருக இடமே இல்லை. இந்த வழிகாட்டி அந்த நிலையில் இருப்பவர்களுக்கானது. ஃபோக்கஸ்ரைட் சஃபயர் புரோ 40, மோட்டு 828 எம்கே2, பிரிசோனஸ் ஃபயர்ஸ்டுடியோ, ஆர்எம்இ ஃபயர்ஃபேஸ் 800 போன்ற கருவிகள் அனைத்துக்கும் இங்கே சொல்லப்படும் வரிசை பொருந்தும்.

நான் உடனிருந்து பார்த்தவர்களில் பெரும்பாலோர் தடுமாறியது ஒரே இடத்தில்தான். முதலில் கேபிளை வாங்கிவிடுகிறார்கள், பிறகு அடாப்டரை வாங்குகிறார்கள், டிரைவர் (கருவியைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்பதைக் கடைசியில்தான் தேடுகிறார்கள். உண்மையில் டிரைவர் முதலிலும் கேபிள் கடைசியிலும் வர வேண்டும். உங்கள் கணினியின் இயங்குதளத்துக்கு டிரைவர் இல்லையென்றால் எத்தனை அடாப்டர்களைக் கோத்தாலும் ஒலி வராது.

1. பழைய கணினியைக் கைவிடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

இன்டர்ஃபேஸ் இதுவரை வேலை செய்துகொண்டிருந்த பழைய கணினி இன்னும் உங்களிடம் இருந்தால், அதை விற்கவோ அழிக்கவோ வேண்டாம். அதில் மட்டுமே செய்யக்கூடிய மூன்று வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, இன்டர்ஃபேஸுக்குள்ளேயே பதிந்திருக்கும் உள்மென்பொருளைத் தயாரிப்பாளர் வெளியிட்ட கடைசிப் பதிப்புக்கு உயர்த்துவது. புதிய டிரைவர்கள் சில, பழைய உள்மென்பொருள் கொண்ட கருவியை ஏற்பதில்லை. கருவியே தெரியாத புதிய கணினியிலிருந்து அந்த உயர்த்தலைச் செய்யவும் முடியாது.

இரண்டாவது, கருவி நல்ல நிலையில் இருக்கிறதா என்று உறுதிசெய்வது. ஒவ்வொரு உள்ளீட்டிலும் மைக்கை இணைத்துச் சில நொடிகள் பதிவுசெய்து கேளுங்கள். பழுதான போர்ட்டை வைத்துக்கொண்டு புதிய கணினியின் டிரைவரைக் குற்றம் சொல்லி வாரக்கணக்கில் போராடியவர்களைக் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது, கணினி இல்லாமல் தனித்து இயங்கும் முறைக்குக் கருவியைத் தயார்செய்து வைப்பது. மைக் உள்ளீடுகள் நேரடியாக ஆப்டிகல் வெளியீட்டுக்கு, அதாவது ஒலியை ஒளியாக அனுப்பும் போர்ட்டுக்கு, செல்லுமாறு கட்டுப்பாட்டு மென்பொருளில் வழியமைத்து, அந்த அமைப்பைக் கருவியின் நினைவகத்திலேயே சேமித்துவிடுங்கள். இதன் பயன் 11-ஆம் பகுதியில் விளங்கும். இப்போது ஐந்து நிமிட வேலையாக இருக்கும் இது, பழைய கணினி போன பிறகு செய்ய இயலாததாகிவிடும்.

2. டிரைவரைத் தேடுதல்

கருவியின் முழுப் பெயரையும் பதிப்பு எண்ணையும் அதன் அடிப்பகுதியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் எம்கே1, எம்கே2, எம்கே3 என வெளிவந்த கருவிகளுக்குள் சிப்பும் டிரைவரும் முற்றிலும் வேறாக இருக்கலாம். மோட்டு 828 எம்கே3 ஹைப்ரிட் போன்ற சில மாடல்களில் ஃபயர்வயருடன் யூஎஸ்பி போர்ட்டும் இருக்கிறது; உங்களுடையது அப்படிப்பட்டதென்றால் யூஎஸ்பி வழியாக இணைத்துவிடுங்கள், அடாப்டர் வேலை எதுவுமே தேவைப்படாது.

அடுத்து, தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான கடைசி டிரைவர் எந்த இயங்குதளம் வரை ஆதரிக்கிறது என்று பாருங்கள். விண்டோஸில் 64-பிட் டிரைவர் இருக்க வேண்டும். விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 7-க்கோ 10-க்கோ எழுதப்பட்ட 64-பிட் டிரைவர்கள் பல விண்டோஸ் 11-லும் இயங்குகின்றன. ஆனால் ஏஆர்எம் வகை மையச் சிப் கொண்ட விண்டோஸ் மடிக்கணினிகளில் அவை இயங்கமாட்டா. சாதாரணச் செயலிகளை மொழிமாற்றி இயக்கும் வசதி அக்கணினிகளில் இருந்தாலும், கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், ஏற வேண்டிய டிரைவருக்கு அது பொருந்தாது.

மேக்கில் நிபந்தனை இன்னும் கடுமையானது. 2025-இல் வெளியான மேக்ஓஎஸ் 26 டஹோவில் ஃபயர்வயர் ஆதரவு முழுவதுமாக நீக்கப்பட்டுவிட்டது. மேக்ஓஎஸ் 15 செக்கோயாதான் அதைத் தாங்கும் கடைசிப் பதிப்பு. ஒரு மேக், தான் விற்பனைக்கு வந்தபோது கொண்டிருந்த பதிப்பைவிடப் பழைய பதிப்புக்கு இறங்காது என்பதால், டஹோவுடன் வெளிவந்த புதிய மேக்குகளில் இந்த வழி அடைபட்டுவிட்டது. உங்கள் மேக் அவ்வகையைச் சேர்ந்தது என்றால் நேராக 11-ஆம் பகுதிக்குச் செல்லுங்கள்; அடாப்டருக்குப் பணம் செலவிட வேண்டாம்.

3. போர்ட்டுகளை அடையாளம் காணுதல்

கருவியின் பின்புறத்தில் இருக்கும் ஃபயர்வயர் போர்ட் பெரும்பாலும் ஆறு முனை கொண்ட 400 வகையாக இருக்கும். அதன் ஒரு பக்கம் கூம்பியிருக்கும். சதுர வடிவில் ஒன்பது முனைகளுடன் இருப்பது 800 வகை. பழைய விண்டோஸ் மடிக்கணினிகளிலும் வீடியோ கேமராக்களிலும் காணப்பட்ட மிகச் சிறிய நான்கு முனைப் போர்ட்டும் 400 வகையே. ஆனால் அதில் மின்சாரம் வராது. 800-லிருந்து 400-க்குச் செல்லும் கேபிள் முழுமையாக ஒத்துழைக்கும். வேகம் மட்டும் குறைந்த பக்கத்துக்கு இறங்கும். எட்டு சேனல் பதிவுக்கு 400 வகையின் வேகமே தாராளமாகப் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு முனையில் ஃபயர்வயரும் மறுமுனையில் யூஎஸ்பியும் கொண்ட மலிவான கேபிள்கள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை வாங்காதீர்கள். ஃபயர்வயரும் யூஎஸ்பியும் பேசும் முறையே வேறு. வெறும் செப்புக் கம்பியால் ஒன்றை இன்னொன்றாக மாற்ற முடியாது. அதைவிட மோசமானது, ஃபயர்வயர் போர்ட்டில் 30 வோல்ட் வரை மின்னழுத்தம் வரலாம் என்பது. யூஎஸ்பி எதிர்பார்ப்பது 5 வோல்ட்.

இதே காரணத்தால், கணினியில் யூஎஸ்பி-சி வடிவப் போர்ட் இருப்பது மட்டும் போதாது. அது தண்டர்போல்ட் என்ற அதிவேக வகைப் போர்ட்டாக இருக்க வேண்டும். பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஐயமிருந்தால் கணினியின் விவரக்குறிப்பைப் படியுங்கள். தண்டர்போல்ட், கணினிக்குள் கார்டுகளை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையையே வெளியே கொண்டுவருவதால்தான் ஃபயர்வயர் சிப்பை அதில் தொங்கவிட முடிகிறது. சாதாரண யூஎஸ்பி-சி போர்ட்டில் அந்தப் பாதை இல்லை.

4. மின்சாரம், செருகும் முறை

கருவியுடன் வந்த மின் அடாப்டர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஆப்பிளின் தண்டர்போல்ட்–ஃபயர்வயர் அடாப்டர் அதிகபட்சம் 7 வாட் மட்டுமே தரும். எட்டு ப்ரீஆம்பும் (மைக் ஒலியைப் பெருக்கும் பகுதி) 48 வோல்ட் ஃபேண்டம் பவரும் (கண்டென்சர் மைக்குக்குத் தரும் மின்சாரம்) கொண்ட கருவிக்கு அது போதாது. விளக்கு எரியும், கணினியிலும் பெயர் தெரியும், ஆனால் ஃபேண்டம் பவரை இயக்கியதும் இணைப்பு அறுந்துவிடும். இப்படி நடந்தால் குறை டிரைவரில் இல்லை.

ஃபயர்வயரை ஓடும் நிலையிலேயே செருகலாம் என்று எழுதியிருந்தாலும் அதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். கணினி, கருவி இரண்டையும் அணைத்துவிட்டு, கேபிளைச் செருகி, பிறகு கருவியையும் அதன்பின் கணினியையும் இயக்குங்கள். ஆறு முனைச் செருகியை இருட்டில் தலைகீழாக அழுத்தியதால் கருகிப்போன போர்ட் ஒன்றை ஒரு மாணவர் என்னிடம் கொண்டுவந்தார். உறையின் தகடு தளர்ந்திருந்ததால் செருகி தவறான பக்கமாகவே உள்ளே போயிருந்தது. கூம்பிய பக்கத்தை விளக்கொளியில் பார்த்துச் செருகுவதற்கு இரண்டு நொடிகள்தான் ஆகும்.

கேபிளின் நீளம் 4.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஹார்டு டிஸ்க் போன்ற வேறு ஃபயர்வயர் கருவிகளை அதே வரிசையில் கோக்க வேண்டாம்.

5. விண்டோஸ் மேசைக் கணினி: கார்டைத் தேர்ந்தெடுத்தல்

மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. மதர்போர்டில் காலியாக உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் ஒரு ஃபயர்வயர் கார்டைப் பொருத்தினால் போதும். எல்லாவற்றையும்விட நம்பகமான வழி இதுதான் என்பது என் கருத்து.

கார்டில் எந்த நிறுவனத்தின் சிப் இருக்கிறது என்பதே முக்கியம். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் கொண்ட கார்டையே தேடுங்கள். ஆடியோ கருவி தயாரிப்பாளர்கள் நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வந்தது அதைத்தான். எக்ஸ்ஐஓ2213 என்ற எண் சிப்பின் மேல் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். வயா சிப்புகள் பல கருவிகளுடன் ஒத்துப்போகின்றன, சிலவற்றுடன் இடைவிடாமல் சொடுக்கொலி (ஒலியில் விழும் டிக் ஓசை) தருகின்றன. பழைய மடிக்கணினிகளில் இருந்த ரிக்கோ சிப்புகள் ஆடியோவுக்குப் பெயர் கெட்டவை. சென்னை ரிச்சி தெருவைப் போன்ற சந்தையில் பழைய கார்டை வாங்குகிறீர்கள் என்றால், பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல் கார்டைக் கையில் எடுத்துச் சிப்பின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

பல கார்டுகளில் மின்சாரத்துக்கெனத் தனி இணைப்பு இருக்கும். அதில் கணினியின் பவர் சப்ளையிலிருந்து வரும் கம்பியைச் செருகாவிட்டால் ஆறு முனைப் போர்ட்டில் மின்சாரம் வராது. கருவிக்குத் தனி அடாப்டர் இல்லாதவர்கள் இதை மறந்துவிட்டு, கார்டு பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

6. விண்டோஸில் டிரைவர்களை நிறுவும் வரிசை

இந்தப் பகுதியில் அவசரம் கூடாது. விண்டோஸில் இரண்டு டிரைவர்கள் தேவை: ஒன்று ஃபயர்வயர் போர்ட்டுக்கு, இன்னொன்று இன்டர்ஃபேஸுக்கு. முதலாவது சரியாக அமையாமல் இரண்டாவதை நிறுவினால், கருவி தெரிந்தும் ஒலி வராத நிலை உண்டாகும்.

விண்டோஸ் 7-இல் மைக்ரோசாஃப்ட் புதிய ஃபயர்வயர் டிரைவரைக் கொண்டுவந்தது, பழையதும் உடனிருந்தது. அதற்குப் பின் வந்த பதிப்புகளில் பழையது நீக்கப்பட்டது. ஆனால் அந்தக் காலத்து ஆடியோ கருவிகள் பல, பழைய டிரைவரை நம்பியே எழுதப்பட்டவை. இதனால் மைக்ரோசாஃப்ட் அந்தப் பழைய டிரைவரை லெகசி என்ற பெயரில் தனித் தொகுப்பாக வெளியிட்டது.

முதலில் அந்த லெகசி தொகுப்பை நிறுவுங்கள். நிறுவியதும் எதுவும் மாறாது. கோப்புகள் ஓர் அடைவில் போய் அமர்வதோடு சரி. பலர் இங்கேயே வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். டிரைவரை மாற்றும் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஐஈஈஈ 1394 ஹோஸ்ட் கன்ட்ரோலர்கள் என்ற தலைப்பை விரியுங்கள் (ஐஈஈஈ 1394 என்பது ஃபயர்வயரின் தரப் பெயர்). அதிலுள்ள பெயரின் மேல் வலது சொடுக்குச் செய்து, டிரைவரைப் புதுப்பிக்கும் கட்டளையைத் தேர்ந்தெடுங்கள். தானாகத் தேடும் வழியைத் தவிர்த்து, கணினியிலுள்ள டிரைவர்களின் பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற வழியில் செல்லுங்கள். பட்டியலில் லெகசி என்று முடியும் பெயரைத் தேர்ந்தெடுத்து நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

அதன் பிறகே இன்டர்ஃபேஸின் டிரைவரை நிறுவ வேண்டும், அதுவும் கருவியை இணைக்காத நிலையில். இப்போது இணையுங்கள் என்று நிறுவி கேட்கும்போது மட்டும் 4-ஆம் பகுதியில் சொன்ன கவனத்துடன் கேபிளைச் செருகுங்கள். இப்போது கணினி ஓடிக்கொண்டிருந்தாலும், செருகும்போது கருவியாவது அணைந்திருக்கட்டும். முன்கூட்டியே இணைத்துவிட்டால் விண்டோஸ் அதற்குத் தனக்குத் தெரிந்த பொதுவான டிரைவரை ஒட்டிவிடும். பின்னர் அதை நீக்குவது கூடுதல் வேலை.

நிறுவிய பின்னும் கருவியின் அருகே மஞ்சள் எச்சரிக்கைக் குறி தெரிந்தால், விண்டோஸ் பாதுகாப்பு அமைப்பில் கோர் ஐசொலேஷன் என்ற பகுதிக்குச் சென்று, மெமரி இன்டக்ரிட்டி இயங்குகிறதா என்று பாருங்கள். புதிய கணினிகள் பலவற்றில் அது தொடக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கும். தன் விதிகளுக்கு உட்படாத பழைய டிரைவர்களை அது ஏற விடாது. அதை அணைத்தால் டிரைவர் ஏறும். ஆனால் கணினியின் ஒரு காவல் குறைகிறது என்பதை அறிந்தே அணைக்க வேண்டும். வங்கி வேலையும் அலுவலக வேலையும் நடக்கும் கணினியில் இதைச் செய்ய நான் பரிந்துரைக்கமாட்டேன். பதிவுக்கெனத் தனியாக வைத்திருக்கும் கணினியில் செய்யலாம்.

விண்டோஸின் பெரிய புதுப்பித்தல் ஒவ்வொன்றுக்கும் பிறகு டிவைஸ் மேனேஜரை ஒருமுறை பாருங்கள். போர்ட்டின் டிரைவர் மீண்டும் புதிய வகைக்குத் திரும்பியிருக்கக்கூடும். நேற்றுவரை வேலை செய்த கருவி இன்று காணாமல்போவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது.

7. மேக்கில் இணைத்தல்

செக்கோயாவோ அதற்கு முந்தைய பதிப்போ ஓடும் மேக்கில் இரண்டு அடாப்டர்களும் ஒரு கேபிளும் தேவைப்படும். கணினியின் போர்ட்டில் ஆப்பிளின் தண்டர்போல்ட் 3–தண்டர்போல்ட் 2 அடாப்டர், அதன் முனையில் ஆப்பிளின் தண்டர்போல்ட்–ஃபயர்வயர் அடாப்டர், அதிலிருந்து 800–400 கேபிள், அதன் மறுமுனையில் கருவி. நீளமாகத் தெரிந்தாலும் இந்தக் கோவை உறுதியாக வேலை செய்கிறது.

தண்டர்போல்ட் 2 செருகியும் மினி டிஸ்ப்ளே போர்ட் செருகியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். யூஎஸ்பி-சியிலிருந்து மினி டிஸ்ப்ளே போர்ட்டுக்கு மாற்றும் மலிவான அடாப்டர் படத்தை மட்டுமே கடத்தும். அதில் ஃபயர்வயர் அடாப்டர் அழகாகப் பொருந்தும், ஆனால் எதுவும் நடக்காது.

கோவையை இணைத்ததும் டிரைவரை நிறுவும் முன் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் செயலியில் ஃபயர்வயர் என்ற பிரிவைப் பாருங்கள். அங்கே கருவியின் பெயர் தெரிந்தால் கேபிள், அடாப்டர், போர்ட் அனைத்தும் சரி. இனி மீதமிருப்பது டிரைவர் மட்டுமே. அடுத்து ஆடியோ மிடி செட்டப்பைத் திறந்து பாருங்கள். சில கருவிகளை மேக் தன்னிடமுள்ள டிரைவரைக் கொண்டே ஏற்றுக்கொள்கிறது. அப்படியென்றால் எதையும் நிறுவ வேண்டாம்.

டிரைவர் தேவைப்பட்டால், இன்டெல் மேக்கில் நிறுவிய பின் பாதுகாப்பு அமைப்பில் தோன்றும் அனுமதிப் பொத்தானை அழுத்தி மறுதொடக்கம் செய்ய வேண்டும். ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் (ஆப்பிளின் சொந்தச் சிப் கொண்டது), கணினியை அணைத்துவிட்டு, பவர் பொத்தானை விடாமல் அழுத்தி மீட்பு முறைக்குள் சென்று, ஸ்டார்ட்அப் செக்யூரிட்டி யூட்டிலிட்டியில் பாதுகாப்பைக் குறைத்த நிலைக்கு மாற்றி, அறியப்பட்ட தயாரிப்பாளர்களின் கெர்னல் நீட்டிப்புகளை அனுமதிக்க வேண்டும். ஒரு நிபந்தனை: அந்த டிரைவர் ஆப்பிள் சிலிக்கானுக்கென்றே தொகுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இன்டெல் மென்பொருளை அந்த மேக்கில் இயக்க உதவும் ரொசெட்டா, சாதாரணச் செயலிகளை மட்டுமே மொழிமாற்றும். இன்டெல் டிரைவரை அது ஏற்றாது.

8. தண்டர்போல்ட் உள்ள விண்டோஸ் மடிக்கணினி

மேக்குக்குச் சொன்ன அதே அடாப்டர் கோவை, தண்டர்போல்ட் கொண்ட சில விண்டோஸ் மடிக்கணினிகளிலும் வேலை செய்கிறது, சிலவற்றில் செய்வதில்லை. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) தண்டர்போல்ட் கருவிகளுக்கு அனுமதி தரப்பட்டிருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்க வாய்ப்புள்ள கடையில் மட்டும் அடாப்டர்களை வாங்குங்கள். போர்ட் தெரிந்துவிட்டால் 6-ஆம் பகுதியின் படிகள் அப்படியே பொருந்தும்.

9. லினக்ஸ்

டிரைவர் கைவிடப்பட்ட கருவிகளுக்கு லினக்ஸ் உண்மையான புகலிடம். பிபாப், டைஸ், ஆக்ஸ்ஃபோர்டு ஆகிய சிப் குடும்பங்களைச் சேர்ந்த கருவிகளுக்கும், மோட்டு, டாஸ்காம், ஃபயர்ஃபேஸ் வரிசைகளுக்கும் கெர்னலின் அல்சா என்ற ஒலிப் பகுதியிலேயே டிரைவர்கள் இருக்கின்றன. லினக்ஸின் ஃபயர்வயர் பகுதியை 2029 வரை பராமரிக்கப்போவதாக அதன் பொறுப்பாளர் அறிவித்திருக்கிறார். எஃப்எஃப்ஏடிஓ என்ற தனி டிரைவர் தொகுப்பும் உண்டு. ஆனால் ஒரே கருவியை அல்சாவும் எஃப்எஃப்ஏடிஓவும் ஒருசேரப் பற்ற முடியாது என்பதால் இரண்டில் ஒன்றை மட்டும் இயக்க வேண்டும்.

லினக்ஸுக்கு மாறும் எண்ணம் இல்லாதவர்களுக்கும் ஒரு பயன் உண்டு. உபுண்டு ஸ்டுடியோவைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே கணினியைத் தொடக்கிப் பாருங்கள். அதில் கருவி தெரிந்து விண்டோஸில் தெரியாவிட்டால் குறை விண்டோஸ் டிரைவரில் இருக்கிறது. இரண்டிலும் தெரியாவிட்டால் முதலில் கேபிளையும் கார்டையும் சந்தேகப்படுங்கள்.

10. ஒலி வந்த பின் செய்ய வேண்டிய அமைப்புகள்

கருவியின் கட்டுப்பாட்டுப் பலகத்திலும் பதிவு மென்பொருளிலும் சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) ஒன்றாக இருக்க வேண்டும். கணினியின் அறிவிப்பு ஒலிகளுக்கு மதர்போர்டின் சொந்த ஒலி வெளியீட்டைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஏதோ ஓர் இணையக் காணொளி கருவியின் சாம்பிள் ரேட்டை மாற்றிப் பதிவைக் கெடுத்துவிடும்.

பஃபரை (ஒலித் தரவு சற்றே தேங்கி நிற்கும் இடத்தின் அளவை) முதலில் 512 சாம்பிளில் வையுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 11.6 மில்லிநொடி. அரைமணி நேரம் சொடுக்கொலி இல்லாமல் ஓடினால் 256-க்கு இறக்கலாம். சொடுக்கொலி வந்தால் மின்சேமிப்பு அமைப்பில் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பின் சேமிப்பை அணைத்துவிட்டு, வைஃபையையும் அணைத்துப் பாருங்கள்.

11. எந்த வழியும் பொருந்தாதபோது: கருவியை ப்ரீஆம்பாகப் பயன்படுத்துதல்

டஹோ மேக் வைத்திருப்பவர்கள், தண்டர்போல்ட் இல்லாத மடிக்கணினி வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு இதுவே சிறந்த வழி. பழைய கருவியில் ஏடாட் (பல சேனல்களை ஒரே ஆப்டிகல் கேபிளில் அனுப்பும் முறை) ஆப்டிகல் வெளியீடு இருந்தால், ஏடாட் உள்ளீடு கொண்ட ஒரு புதிய யூஎஸ்பி இன்டர்ஃபேஸுடன் அதை ஒரே ஆப்டிகல் கேபிளால் இணைக்கலாம். 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு சேனல்களும், 96 கிலோஹெர்ட்ஸில் நான்கு சேனல்களும் அந்த ஒரு கேபிளில் செல்லும். ஃபயர்வயர் என்ற சிக்கலே இதில் இல்லை.

ஆப்டிகல் போர்ட்டைப் பல கருவிகளில் ஏடாட் ஆகவும் எஸ்பிடிஐஎஃப் ஆகவும் மாற்ற முடியும், வடிவம் ஒன்றே. எஸ்பிடிஐஎஃப் நிலையில் இருந்தால் இரண்டு சேனல்கள் மட்டுமே செல்லும். மறுபக்கம் ஏடாட் எதிர்பார்த்தால் அதுவும் வராது. 1-ஆம் பகுதியில் பழைய கணினியைக் கொண்டு வழியமைக்கச் சொன்னது இதற்காகத்தான். அப்போதே ஏடாட் நிலையில் வைத்து, மைக் உள்ளீடுகளை அதன் எட்டு சேனல்களுக்கு அனுப்பி, சாம்பிள் ரேட்டை நிலைநிறுத்திச் சேமித்துவிடுங்கள்.

கடைசியாகக் கிளாக், அதாவது சாம்பிள்களை எடுக்கும் நேரத்தாளம். இரண்டு கருவிகளும் தத்தம் கிளாக்கில் ஓடினால் சில நொடிகளுக்கு ஒருமுறை மெல்லிய டிக் ஒலி கேட்கும். புதியவர்கள் இதைக் கேபிள் பழுது என்று நினைப்பார்கள். பழைய கருவியைத் தன் சொந்தக் கிளாக்கில் ஓடவிட்டு, புதிய கருவியின் கிளாக் மூலத்தை ஏடாட் என்று மாற்றுங்கள். புதிய கருவியின் திரையிலோ மென்பொருளிலோ லாக் என்ற சொல் நிலையாக எரிந்த பிறகு பதிவைத் தொடங்கலாம். பழைய கருவியை எப்போதும் முதலில் இயக்குங்கள். கிளாக் அதிலிருந்து வருவதால், அது அணைந்திருந்தால் புதிய கருவியின் சொந்த உள்ளீடுகளும் சரியாக ஓடா.